கோவேறு கழுதை உதைத்த கதை

யுத்தத்துக்குப் போய் வந்த தாத்தாக்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் வாயைத் திறக்கவே மாட்டார்கள். பேரன் பேத்திகள் எவ்வளவுதான் கெஞ்சினாலும், "அதெல்லாம் இப்போது எதற்கு?" என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்து விடுவார்கள். இரண்டாவது வகையினர் வாயை மூடவே மாட்டார்கள். முதல் வருஷம் சொல்லும்போது எதிரே மூன்று பேராக நின்ற பகைவர்கள், நாலாவது வருஷத்தில் முப்பது பேராகி, தாத்தாவுக்கு எண்பது வயது நிறையும்போது ஒரு முழுப் பட்டாளமாகப் பெருகியிருப்பார்கள். வீட்டிலுள்ளோரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. தாத்தா மகிழ்ச்சியாக இருந்தால் போதாதா?

இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று உண்டு, மிகவும் அபூர்வமானது. அந்தத் தாத்தாக்கள் கதை சொல்வார்கள். கேட்பவர்களை வயிறு குலுங்கச் சிரிக்கவும் வைப்பார்கள். ஆனால் அந்தக் கதைகளில் வீரன் வேறு யாராவதாக இருப்பான். சொல்லுகிறவரோ, "நான் பயந்து போனேன்" என்று ஒளிவு மறைவின்றிச் சொல்லிச் சிரிப்பார்.

நமது நீலகிரி மலையில், குன்னூரில், சுமார் முப்பத்தைந்து வருஷ காலம் அப்படி ஒரு தாத்தா வாழ்ந்தார். அவருக்குப் பேரக் குழந்தைகள் மூன்றே பேர்தான். ஆனால் வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் அவர் பேச்சைக் கேட்ட இளம் அதிகாரிகளையெல்லாம் கணக்கில் சேர்த்தால், அவரைப் போல் பெரிய குடும்பம் படைத்த தாத்தா இந்தியாவில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அவருடைய முழுப் பெயர் சாம் ஹோர்முஸ்ஜி பிராம்ஜி ஜாம்ஷெட்ஜி மானெக்ஷா. இவ்வளவு நீளமான பெயரை யுத்தகளத்தில் கூப்பிட முடியாது என்பதாலோ என்னவோ, கூர்க்காச் சிப்பாய்கள் அதை 'சாம் பகதூர்' என்று சுருக்கிக் கொண்டார்கள். தலைமைத் தளபதியாயிருந்த காலத்தில் ஒரு கூர்க்காச் சிப்பாயிடம், "உன் தளபதியின் பெயர் தெரியுமா?" என்று அவர் விசாரித்ததாகவும், அந்தச் சிப்பாய் சற்றும் தயங்காமல் "சாம் பகதூர்!" என்று பதில் சொன்னதாகவும் கூறுவார்கள். பகதூர் என்றால் வீரன். பெற்றோர் வைத்த பெயரைக் காட்டிலும் அந்தப் பெயரில்தான் அவருக்குப் பெருமை அதிகம்.

*

அவர் பிறந்தது 1914-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ஆம் தேதி, அமிருதசரஸில். தகப்பனார் பார்ஸி வைத்தியர். லாகூரில் வைத்தியத் தொழில் நடத்தலாம் என்று மனைவியுடன் ரயிலேறியவர், அம்மையார் பூரண கர்ப்பிணியாயிருந்தபடியால் வழியில் அமிருதசரஸில் இறங்க நேர்ந்ததாம். இறங்கியவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். மகனுக்கும் வைத்தியனாக வேண்டும் என்ற ஆசை இருந்தது; சீமைக்குப் போய்ப் படிப்பதாகச் சொன்னான். "உனக்கு இன்னும் வயது போதாது" என்று தகப்பனார் மறுத்துவிட்டார். பிள்ளைக்குக் கோபம் வந்தது. வீட்டில் கோபம் வந்தால் சில பிள்ளைகள் சாப்பிடாமல் படுத்துக் கொள்வார்கள். இந்தப் பிள்ளை டேராடூனில் புதிதாக ஆரம்பிக்கவிருந்த ராணுவக் கல்லூரியின் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தான். 1932-இல் அங்கே சேர்ந்த முதல் கோஷ்டியில் நாற்பது பேர். அவர்களில் ஒருவன் ஆனான். அப்பாவின் மேல் வந்த அந்தக் கோபத்துக்கு நாம் நன்றி செலுத்த வேண்டியதுதான்.

அடுத்து நடந்த முக்கியமான சம்பவத்துக்குப் பத்து வருஷங்களைத் தாண்டிப் போகவேண்டும்.

1942 பிப்ரவரி. ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வெள்ளம் போல் புகுந்து கொண்டிருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியப் படையின் 17-ஆவது டிவிஷன் சிட்டாங் ஆற்றை நோக்கிப் பின்வாங்குகிறது. ஆற்றுக்குக் குறுக்கே ஒரே ஒரு ரயில் பாலம். அந்தப் பாலத்தைத் தாண்டி விட்டால் உயிர் பிழைக்கலாம்; ஜப்பானியர் முந்திக் கொண்டால் அத்தனை பேரும் அகப்பட்டுக் கொள்ள வேண்டியதுதான். (கடைசியில் 23-ஆம் தேதி விடியற்காலையில், இரண்டு பிரிகேடுகளைச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அக்கரையில் நிற்கும்போதே, அந்தப் பாலத்தை வெடி வைத்துத் தகர்க்க நேர்ந்தது. பர்மா யுத்தத்தின் மிகத் துயரமான நாட்களில் அதுவும் ஒன்று.) முதல் நாள் பாலத்தின் அருகே, பகோடா இருந்த ஒரு குன்றைக் கைப்பற்றும்படி, எல்லைப்புறப் படையின் ஒரு கம்பெனிக்குக் கட்டளை பிறந்தது. கம்பெனித் தலைவர் காப்டன் மானெக்ஷா, வயது இருபத்தேழு. ஆட்களில் பலரைப் பலி கொடுத்துக் குன்றைப் பிடித்தார்கள். பிடித்த பிறகு ஒரு ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கி அவர் வயிற்றையும் மார்பையும் சல்லடைக் கண்ணாகத் துளைத்துவிட்டது. ஏழு குண்டுகள் என்பார் சிலர்; ஒன்பது என்பார் சிலர். எண்ணிப் பார்க்க அப்போது யாருக்கும் அவகாசமில்லை.

கோவன் என்ற ஆங்கிலேயத் தளபதி அவரைப் பார்த்தார். இனிப் பிழைக்க மாட்டார் என்று தோன்றியது. இறந்து போனவர்களுக்கு 'மிலிடரி கிராஸ்' விருது கொடுப்பதில்லை என்று சொல்லி, தம் சட்டையிலிருந்த விருது நாடாவை அவிழ்த்து, கீழே கிடந்தவரின் மார்பில் குத்தினார். உயிர் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டுமென்ற அவசரம்! நமது சர்க்கார்களுக்கு இப்படிப்பட்ட அவசரம் எப்போதும் ஏற்படுவதில்லை என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

ஷேர் சிங் என்ற ஆர்டர்லி அவரைத் தோளில் சுமந்துகொண்டு ஓடினான். இந்தக் கட்டுரையில் யாரையாவது வீரன் என்று சொல்ல வேண்டுமானால் இவனைத்தான் முதலில் சொல்லவேண்டும். ஆஸ்திரேலிய டாக்டர் ஒருவர், "இவர் தேறமாட்டார், தேறக்கூடியவர்களைக் கவனிக்க வேண்டும்" என்று கைவிரித்தார். ஷேர் சிங் விடவில்லை. அந்தச் சமயத்தில் காயம்பட்டவருக்குச் சற்று நினைவு வந்தது. டாக்டர் குனிந்து, "உமக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்டார்.

"ஒரு கோவேறு கழுதை உதைத்துவிட்டது" என்று பதில் வந்தது.

டாக்டர் சிரித்துவிட்டார். சாகக் கிடக்கும்போது இப்படிப் பேசக்கூடியவனைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாம். நுரையீரலிலிருந்தும் ஈரலிலிருந்தும் சிறுநீரகத்திலிருந்தும் குண்டுகளை எடுத்தார். குடலில் பெரும்பகுதியை வெட்டி எறிந்தார். மிச்சமிருந்த குடலைக் கொண்டு மானெக்ஷா மேலும் அறுபத்தாறு வருஷம் சாப்பிட்டார்.

இந்தச் சம்பவத்தை எழுதுகிறவர்கள் எல்லோரும், "என்ன நெஞ்சுறுதி! என்ன அலட்சியம்!" என்று வியக்கிறார்கள். எனக்கென்னவோ இது அலட்சியமாகத் தோன்றவில்லை. எதிரே நிற்கும் டாக்டருக்கு எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். யாரைப் பிழைக்க வைப்பது, யாரை விடுவது என்ற பயங்கரமான தீர்மானத்தை நிமிஷத்துக்கு நிமிஷம் அவர் செய்ய வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மனிதரிடம், "நான் இன்னும் ஒரு மனிதன்தான், பிணமல்ல" என்று தெரிவிக்க இதைவிடச் சுருக்கமான வழி உண்டா?

*

தம்மைத் தைரியசாலி என்று அவர் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. "சாவுக்குப் பயமில்லை என்று ஒருவன் சொன்னால், அவன் பொய் சொல்லுகிறான், அல்லது அவன் கூர்க்கா" என்பது அவருடைய பிரசித்தமான வாக்கு. தாம் கூர்க்கா அல்ல என்பதையும் அவர் சேர்த்தே நினைத்திருப்பார். தைரியத்தைப் பற்றி இளம் அதிகாரிகளுக்குப் பேசும்போது அவர் சொல்லி வந்த கதை ஒன்று இருக்கிறது.

பர்மாவில் சீக்கியச் சிப்பாய்கள் அடங்கிய கம்பெனிக்கு அவர் தலைவராயிருந்தார். பதவி உயர்வுப் பட்டியலில் ஒரு சிப்பாயின் பெயர் விட்டுப் போயிற்று. ஆறடி உயரம், முரட்டுச் சுபாவம். "இன்று ராத்திரி அந்த ஆபீசரைச் சுட்டுவிடுகிறேன்" என்று அவன் சபதம் செய்தான். செய்தி எட்டியது. மானெக்ஷா அவனை வரவழைத்து, எல்லோர் முன்னிலையிலும், குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியை அவன் கையில் கொடுத்து, "என்னைச் சுடப் போகிறாயாமே, இந்தா, சுடு" என்றார். சிப்பாய் திகைத்துவிட்டான். "இல்லை, ஸாகேப்" என்று தடுமாறினான். அவன் கன்னத்தில் ஓர் அறை கொடுத்து, வெளியே போகச் சொன்னார்.

மற்றவர்களாயிருந்தால் கதையை இந்த இடத்தில் முடித்து, மீசையை முறுக்கிக் கொள்வார்கள். மானெக்ஷாவுக்கு மீசையும் இருந்தது. ஆனால் அவர் கதை இதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. அன்று ராத்திரி தம் கூடாரத்துக்குக் காவலாக அந்தச் சிப்பாயையே நிறுத்தும்படி உத்தரவிட்டார். காலை ஐந்து மணிக்கு ஒரு குவளைத் தேநீரும் முகக்ஷவரத்துக்கு வெந்நீரும் கொண்டுவர வேண்டும் என்று அவனிடமே சொன்னார். பிறகு உள்ளே போய்ப் படுத்தார். "பயத்தினால் இரவு முழுவதும் ஒரு கண் மூடவில்லை" என்பார். பொழுது விடிந்தது. சிப்பாய் தேநீரும் வெந்நீரும் கொண்டு வந்தான். அதன்பின் யுத்தம் முடியும் வரையில் நாய்க்குட்டி போல் அவர் பின்னாலேயே சுற்றிக் கொண்டிருந்தானாம்.

பயம் எல்லோருக்கும் உண்டு, அதை வெளியே காட்டாமலிருப்பதுதான் தைரியம் என்று சொல்ல வந்தவர், தாம் வெளியே காட்டாத பயத்தை ஐம்பது வருஷம் கழித்து ஒரு மண்டபம் நிறைந்த வாலிபர்களுக்கு முன் வெளிச்சம் போட்டுக் காட்டினார். கேட்டவர்கள் சிரித்தார்கள். என்றாவது ஒருநாள் கூடாரத்தில் தூக்கம் வராமல் புரண்டபோது அவர்களில் சிலருக்காவது இந்தக் கதை நினைவு வந்திருக்கும்.

*

இத்தகைய வாய் படைத்தவனைச் சாவு விட்டுவிடலாம்; மந்திரிகள் விடுவார்களா?

1950-களின் கடைசியில் அவர் ஜம்முவில் டிவிஷன் தளபதியாயிருந்த சமயம், பாதுகாப்பு மந்திரி வி. கே. கிருஷ்ணமேனன் அங்கே விஜயம் செய்தார். தலைமைத் தளபதி திம்மய்யாவைப் பற்றி என்ன நினைக்கிறீர் என்று கேட்டார். மந்திரிக்கும் திம்மய்யாவுக்கும் ஒத்துக்கொள்ளாது என்பது ஊரறிந்த சங்கதி. மானெக்ஷா சொன்ன பதிலின் சாராம்சம் இது: "அவர் என் தலைவர். அவரைப் பற்றி நினைப்பதற்கு எனக்கு அனுமதியில்லை. இன்று இப்படி என்னைக் கேட்கிறீர்கள். நாளைக்கு எனக்குக் கீழே உள்ளவர்களிடம் என்னைப் பற்றிக் கேட்பீர்கள். ராணுவத்தைப் பாழாக்க இதைவிட நல்ல வழி இல்லை."

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் வேடிக்கைக்குள் இருந்த முள் மந்திரிக்குத் தைத்துவிட்டது. பின்னர் மானெக்ஷா வெலிங்டனில் ராணுவக் கல்லூரியின் தலைவராக இருந்தபோது, அவர் மீது விசாரணை ஏற்பட்டது. நாட்டுத் தலைவர்களைப் பற்றி ஏளனமாகப் பேசுகிறார், ஆங்கிலேயரின் மோகம் தீராதவர், தேசப்பற்று இல்லாதவர் என்றெல்லாம் புகார்கள். சாப்பாட்டு மேஜையில் சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தைகளெல்லாம் குற்றப் பத்திரிகையில் ஏறின. தேசத்துக்காகப் போராடியவர்களின் நாட்டில், தேசப்பற்று இல்லை என்பதைக் காட்டிலும் கொடிய பழி கிடையாது. ஒரு ஹாஸ்யத்தை எழுத்தில் எழுதி, சாட்சி வைத்து, முத்திரை குத்தினால் அது எவ்வளவு விகாரமாகி விடுகிறது என்பதை ஹாஸ்ய எழுத்தாளர்கள் நன்கு அறிவார்கள். அவர் குற்றமற்றவர் என்று விசாரணை முடிந்தது. ஆனாலும் மாதங்கள் வீணாயின. வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. உத்தியோகம் முடிந்ததாகவே பலர் நினைத்தார்கள்.

1962 அக்டோபரில் சீனப் படை வந்தது. நவம்பரில் கிருஷ்ணமேனன் பதவி விலகினார். சிதறி, மனமுடைந்து, தேஜ்பூரை நோக்கிப் பின்வாங்கியிருந்த படைக்குத் தலைமை வகிக்க யார் போவது என்ற கேள்வி எழுந்தபோது மானெக்ஷாவின் ஞாபகம் வந்தது. சீனர்கள் வந்து தம்மைக் காப்பாற்றியதாகப் பின்னாளில் அவர் சொல்லிச் சிரித்ததுண்டு. தேஜ்பூருக்குப் போய் அவர் பிறப்பித்த உத்தரவு பிரசித்தமானது: எழுத்து மூலமான கட்டளையில்லாமல் இனி யாரும் பின்வாங்கக் கூடாது, அப்படிப்பட்ட கட்டளை ஒருபோதும் பிறக்காது! படித்துப் பார்த்த சிப்பாய்கள் முதலில் சிரித்திருப்பார்கள். பிறகு நிமிர்ந்து நின்றிருப்பார்கள்.

எல்லா வேடிக்கையும் நல்ல வேடிக்கை என்று சொல்வதற்கில்லை. மிஜோ மலைகளில் சண்டையைத் தவிர்த்துக்கொண்டிருந்த ஒரு பட்டாளத்துக்கு அவர் வளையல் பார்சல் அனுப்பினார் என்று ஒரு கதை வழங்குகிறது. அந்தக் காலத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வளையல் அணிந்த கைகளே இன்று துப்பாக்கி பிடிக்கின்றன. நம் வீட்டுப் பெண்கள் அந்தக் கதைக்குச் சிரிக்க மாட்டார்கள்.

*

1969 ஜூன் மாதம் அவர் தலைமைத் தளபதியானார். 1971 மார்ச்சில் கிழக்கு வங்காளத்தில் பாகிஸ்தான் ராணுவத்தின் கொடுமை ஆரம்பமாயிற்று. அகதிகள் எல்லையைத் தாண்டி வந்து கொண்டேயிருந்தார்கள். அந்த வருஷ முடிவுக்குள் அவர்கள் தொகை ஒரு கோடி அளவை எட்டியது. ஏப்ரல் கடைசியில் நடந்த ஒரு மந்திரி சபைக் கூட்டத்தைப் பற்றி மானெக்ஷா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

பிரதம மந்திரி ஸ்ரீமதி இந்திரா காந்தி கோபமாக இருந்தாராம். மேற்கு வங்காளம், அஸ்ஸாம், திரிபுரா முதன் மந்திரிகளின் தந்திகளைக் காட்டி, "இதற்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார். "எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்றார் தளபதி. கிழக்குப் பாகிஸ்தானுக்குள் படையுடன் புக வேண்டும் என்றார்கள். "அப்படியானால் அது யுத்தம்" என்றார். பிறகு காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மழைக்காலம் தொடங்கப் போகிறது. வங்காளத்து நதிகள் கடலாகிவிடும். படை நகர முடியாது. இமயமலைக் கணவாய்களில் பனி உருகிக் கொண்டிருக்கிறது. சீனா வடக்கே இறங்கினால் தடுக்க ஆளில்லை. பஞ்சாபில் அறுவடைக் காலம், ரயில் வண்டிகளையெல்லாம் ராணுவத்துக்கு எடுத்துக் கொண்டால் தானியம் நகராது, பஞ்சம் வரும், அப்போது ஜனங்கள் உணவு மந்திரியைத்தான் ஏசுவார்கள். தம்முடைய கவசப் படையில் போருக்குத் தகுதியாக இருப்பவை பதின்மூன்று டாங்கிகள் மட்டுமே.

"ஏன் பதின்மூன்று மட்டும்?" என்று நிதி மந்திரி கேட்டார்.

"ஏனென்றால் தாங்கள் நிதி மந்திரி. ஒன்றரை வருஷமாகப் பணம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்" என்றார் தளபதி.

இப்போதே போகச் சொன்னால் நூற்றுக்கு நூறு தோல்வி நிச்சயம் என்று முடித்தார். கூட்டம் கலைந்தது. பிரதம மந்திரி அவரை மட்டும் இருக்கச் சொன்னார். அம்மையார் வாயைத் திறப்பதற்கு முன், "என் ராஜினாமாவை அனுப்பட்டுமா? காரணம் என்ன எழுதட்டும்? தேக அசௌக்கியமா, மன அசௌக்கியமா?" என்று இவர் கேட்டார். "நீங்கள் சொன்னதெல்லாம் உண்மைதானா?" என்று அம்மையார் கேட்டார். "உண்மையைச் சொல்வதுதான் என் உத்தியோகம்" என்ற கருத்தில் பதில் சொன்னார். ராஜினாமா கேட்கப்படவில்லை. அவர் கேட்ட அவகாசம் கிடைத்தது.

பிற்காலச் சரித்திர ஆசிரியர்கள் சிலர், அந்த ஏப்ரலில் சர்க்கார் படையெடுப்புக்கு அவ்வளவு துடிக்கவில்லை என்றும், தாத்தாவின் கதையில் நாடகம் கொஞ்சம் கலந்திருக்கிறது என்றும் வாதிக்கிறார்கள். அப்படியும் இருக்கலாம். கதை சொல்லும் தாத்தாக்கள் எவருமே உப்புக் கொஞ்சம் தூக்கலாகத்தான் போடுவார்கள். ஆனால் மழைக்காலமும் கணவாய்களும் தாத்தா கற்பனை செய்தவை அல்ல.

டிசம்பர் 3-ஆம் தேதி பாகிஸ்தான் விமானங்கள் நமது விமான நிலையங்களைத் தாக்கின. அதற்கு முன்பே, "தயாரா?" என்று அம்மையார் கேட்டபோது, "நான் எப்போதும் தயார், ஸ்வீட்டி" என்று இவர் பதில் சொன்னதாகப் பிரசித்தம். நாட்டின் பிரதம மந்திரியை இப்படி அழைக்க வேறு எவருக்குத் துணிவு வரும்? அந்தச் சொல்லைத் தமிழில் பெயர்த்துப் பார்த்தேன். அச்சில் போடும்படி அமையவில்லை. யாரையும் அப்படி அழைப்பது அவர் வழக்கம் என்பதால் அம்மையார் அதைப் பெரிதுபடுத்தவில்லை போலும்.

பதின்மூன்று நாட்களில் யுத்தம் முடிந்தது. டாக்காவில் சரணாகதியை ஏற்றுக் கொள்ளப் போகலாமே என்று யோசனை சொல்லப்பட்டபோது அவர் மறுத்துவிட்டார். அந்தக் கௌரவம் கிழக்குப் படைத் தளபதி அரோராவுக்கே உரியது என்றார். டிசம்பர் 16-ஆம் தேதி அரோராவின் பக்கத்தில் உட்கார்ந்து நியாஸி கையெழுத்திட்ட படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் மானெக்ஷா இல்லை.

கைதிகள் சுமார் 93,000 பேர். இங்கே வேடிக்கைக்கு இடமில்லை. அவரும் வேடிக்கை செய்யவில்லை. நமது சிப்பாய்கள் தங்கள் கட்டிடங்களைக் கைதிகளுக்கு விட்டுக் கொடுத்துத் தாங்கள் கூடாரங்களில் படுத்தார்கள். யுத்தத்துக்குப் பிறகு எல்லைக்கோடு பற்றிப் பேசுவதற்காக அவர் லாகூர் சென்றிருந்தார். விருந்துக்குப் பிறகு கவர்னர் மாளிகைச் சிப்பந்திகள் அவரைப் பார்க்க விரும்பினார்கள். அவர்களில் ஒருவன் தலைப்பாகையைக் கழற்றி அவர் காலடியில் வைத்தான். அவனுடைய ஐந்து பிள்ளைகளும் இந்தியாவில் கைதிகள். ஓதுவதற்குக் குர்ஆன் கொடுத்திருக்கிறார்கள், தாங்கள் கட்டிலில் படுக்கிறோம், இந்தியச் சிப்பாய்கள் தரையில் படுக்கிறார்கள் என்று அவர்கள் கடிதம் எழுதியிருந்தார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் தாத்தா சிரிக்க வைக்க முயன்றதில்லை.

*

பகைவர் தலைவரைப் பற்றிய வேடிக்கை வேறு. பிரிவினைக்கு முன் டில்லியில் மானெக்ஷாவும் யாஹ்யா கானும் சகாக்கள். மானெக்ஷாவிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் மேல் யாஹ்யாவுக்கு ஆசை. ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிக் கொண்டார். பாகிஸ்தான் போய்ப் பணம் அனுப்புவதாகச் சொன்னார். பணம் வரவில்லை. 1971-க்குப் பிறகு மானெக்ஷா சொன்னார்: "யாஹ்யா அந்த ஆயிரம் ரூபாயைக் கொடுக்கவில்லை, பாதி நாட்டையே கொடுத்துத் தீர்த்துவிட்டார்."

இதற்கு நாடே சிரித்தது. மற்றொன்றுக்குச் சிரிக்கவில்லை. பிரிவினையில் அவருடைய பழைய பட்டாளம் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அவர் இங்கேயே தங்கினார். நீங்களும் பாகிஸ்தானுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஓய்வு பெற்ற பிறகு அவரை ஒருவர் கேட்டார். "பாகிஸ்தான் ஜெயித்திருக்கும்" என்று சொல்லி வைத்தார். பெரிய கூச்சல் எழுந்தது. அகங்காரம் என்றார்கள். உயிரைக் கொடுத்த சிப்பாய்களை அவமதித்தார் என்றார்கள். அந்தப் பேச்சு அழகாயில்லை என்பது என் அபிப்பிராயமும்தான். அதுவரை தம்மைத் தாழ்த்திச் சிரித்தவர் அன்று தம்மை உயர்த்திச் சிரித்தார். அதனால்தான் தவறிப் போயிற்று.

1973 ஜனவரியில் அவருக்குப் பீல்டு மார்ஷல் பட்டம் கிடைத்தது. சுதந்திர இந்தியாவில் அந்தப் பட்டம் பெற்ற முதல்வர் அவர்தான். அதே மாதம் உத்தியோகத்தை விட்டுக் குன்னூருக்கு வந்தார். வீட்டுக்கு 'ஸ்டாவ்கா' என்று பெயர். ருஷ்யர்கள் தங்கள் யுத்தத் தலைமை நிலையத்துக்கு வைத்த பெயர் அது. அந்தத் தலைமை நிலையத்தில் அவர் தோட்ட வேலை பார்த்தார். எந்த மலையில் அவர் மேல் தேசத் துரோகப் பழி விழுந்ததோ அதே மலையைத் தம் கடைசிக் காலத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு ஆச்சரியமாயிருக்கிறது. கசப்பு உள்ளவர்கள் அந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டார்கள்.

சில கம்பெனிகளில் டைரக்டராகவும் இருந்தார். ஒரு கம்பெனியில் அவரை நீக்கி நாயக் என்ற பெயருடைய ஒருவரை நியமித்தார்கள். ராணுவத்தில் நாயக் என்பது மிகச் சிறிய பதவி. "சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒரு நாயக் ஒரு பீல்டு மார்ஷலைத் தோற்கடித்து விட்டான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

பீல்டு மார்ஷல்களுக்கு ஓய்வு என்பது கிடையாது. ஆயுள் முழுவதும் முழுச் சம்பளம் பெற உரிமை உண்டு. ஆனால் அந்தச் சம்பளம் அவருக்கு வந்து சேரவில்லை. 2007-இல், அவர் தொண்ணூறு வயதைத் தாண்டி நோயாளியாக இருக்கும்போது, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பாக்கித் தொகை கொடுக்கப்பட்டது. முப்பத்து நான்கு வருஷம்! யுத்தகளத்தில் குண்டுகள் பாய்ந்து கொண்டிருக்கும்போது தம் சட்டையிலிருந்து நாடாவை அவிழ்த்த கோவனை இங்கே நினைத்துக் கொள்கிறேன்.

2008 ஜூன் 27-ஆம் தேதி நள்ளிரவு கழிந்து சற்று நேரத்தில், வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. உதகமண்டலத்தில், பார்ஸிகளின் இடுகாட்டில், 2001-இல் காலமான மனைவி சில்லுவின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். ராணுவ மரியாதைகள் நடந்தன. டில்லியிலிருந்து ஓர் இணை மந்திரி வந்தார். பிரதம மந்திரி வரவில்லை. பாதுகாப்பு மந்திரி வரவில்லை. முப்படைத் தளபதிகளில் எவரும் வரவில்லை. தேசிய துக்கமும் அறிவிக்கப்படவில்லை. பத்திரிகைகள் கண்டித்து எழுதின. மக்களும் மனம் புழுங்கினார்கள். அந்த வருஷம் டிசம்பர் 16-ஆம் தேதி அவர் படம் போட்ட தபால் தலை வெளியாயிற்று.

வெலிங்டன் ஆஸ்பத்திரியில் அன்றிரவு அவர் கடைசியாகப் பேசியது என்ன என்பதும் பத்திரிகைகளில் வந்தது. "எனக்கு ஒன்றுமில்லை, சௌக்கியமாக இருக்கிறேன்" என்றாராம்.